லீவு நாள் பாடம்

ஜப்பான்காரன் ஆட்சி. காஜா பெராங் ஊரில் பள்ளிக்கு விடுமுறை விட்டிருந்தார்கள். பொன்னம்மா மட்டும் தன் ஆறு வயது மகள் தவமணியைத் தினமும் காலையில் பாடத்துக்கு உட்கார வைத்தாள்.

"லீவுல எல்லாம் மறந்து போயிரும். ஜப்பான் பாஷையில ஒண்ணு, ரெண்டு சொல்லு."

"இச்சி, நி, சான்."

"அப்பா பேரு?"

"நல்லமுத்து."

"எங்க இருக்காரு?"

"காய்ச்சல்ல செத்துட்டாரு." குழந்தை விம்மியது.

"அழாம சொல்லு. மறுபடியும்."

விடுமுறை முடிவதற்குள் தவமணிக்கு அழுகை நின்றுபோனது.

ஒரு நண்பகலில், சயாம் ரயில் பாதைக்கு ஆள் பிடிக்கச் சிப்பாய்கள் வந்தார்கள். ஆள் கணக்கு எழுதக் கூட வந்த தமிழ்க் கிராணி குழந்தையிடம் குனிந்தார்.

"அப்பா எங்க பாப்பா?"

"காய்ச்சல்ல செத்துட்டாரு."

கண்கூடச் சிமிட்டவில்லை. அவர்கள் வெளியேறினார்கள்.

பொன்னம்மா கதவைத் தாழிட்டு, அண்ணாந்து பார்த்தாள். "போயிட்டாங்க."

பரண் பலகை நகர்ந்தது. குழந்தைக்கும் தெரியாமல் எட்டு மாதமாக அங்கே ஒளிந்திருந்த நல்லமுத்து, தாடியும் எலும்புமாக இறங்கி வந்தான். அன்று அவனால் பொறுக்க முடியவில்லை. மகளை நோக்கிக் கைகளை நீட்டினான்.

"நான்தான் அப்பா, கண்ணு!"

தவமணி பின்வாங்கினாள். சட்டென்று கதவுப் பக்கம் திரும்பிக் கத்தினாள். "சிப்பாய் மாமா! எங்க வீட்டுல யாரோ..."

பொன்னம்மா பாய்ந்து அவள் வாயைப் பொத்தினாள். தெருவில் பூட்ஸ் ஓசை ஒரு கணம் நின்றது. பிறகு நகர்ந்தது.

மனைவியின் ஓங்கிய கையை நல்லமுத்து பிடித்துக்கொண்டான்.

"அடிக்காத பொன்னு. பிள்ளை நல்லாத்தான் படிச்சிருக்கு."

அவன் மறுபடியும் பரணில் ஏறினான்.