ரத்தத்தில் இருப்பது

"அவ ரத்தத்த எடுத்து எம்புள்ளைக்கு ஏத்திடுங்க டாக்டரம்மா. அவ ஒண்ணும் சொல்ல மாட்டா" என்றாள் பட்டம்மாள்.

வடசென்னை எர்ணாவூர் குடியிருப்பில் மூன்றாவது மாடி, ஒற்றை அறை வீடு. கட்டிலில் அவளுடைய இளைய மகன் பகலவன் எலும்பும் தோலுமாகக் கிடந்தான். மருந்துக்கு அடங்காத டிபி. பெரியவன் பாரியைப் போன ஆடியில்தான் அதே டிபி கொண்டுபோனது. ஜன்னலைத் திறந்தால் மணலிப் பக்கத்து ஆலைகளின் கெமிக்கல் நாற்றம் வரும் என்று, பிள்ளைகளுக்காக அதை எப்போதும் சாத்தியே வைத்திருந்தாள் பட்டம்மாள்.

"ஏத்துறதுக்கு இல்லம்மா, ஆராய்ச்சிக்கு" என்றாள் டாக்டர் கௌசர். "உங்களுக்கும் உங்க பசங்களுக்கும் கிருமி ஒட்டியிருக்கு. உங்க தம்பி பொண்ணு எழில்மொழிக்கு மட்டும் ஒட்டவே இல்ல. நோயாளி கூடவே இருந்தும் சிலருக்கு இப்படி ஒட்டாது. பிறவியிலேயே அவங்க மரபணு அப்படி அமைஞ்சிருக்கலாம். அது என்னன்னு தெரிஞ்சா நாளைக்குப் புது மருந்துக்கு வழி பொறக்கும்."

"நாளிக்கா? அதுவரிக்கும் எம்புள்ள தாங்குமா?" பட்டம்மாள் முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். "பெத்தவ செத்ததும் நாந்தான் இவள இட்டாந்து வளத்தேன். ஒரே வூடு, ஒரே சோறு. இவளால ஒரு நல்லது நடக்கட்டுமே."

எழில்மொழி வாசற்படிக்கு வெளியே நின்றிருந்தாள்.

"இன்னாடி அங்கியே நின்னுகினு கீற? உள்ள வா கண்ணு, டாக்டரம்மா பக்கத்துல குந்து."

அத்தையின் வாயில் 'கண்ணு'வா? எழில்மொழிக்கு நம்ப முடியவில்லை. யார் வீட்டுக்கோ வந்தவள்போல ஓரமாக உட்கார்ந்து கையை நீட்டினாள்.

"பகலவன் மாமாவுக்கு சரியாவும்னா எவ்ளோ வேணா எடுத்துக்குங்க மேடம்."

கௌசர் அவள் கையில் ரப்பர் பட்டையைக் கட்டினாள். "ஒரு கேள்வி. அடைச்ச ரூம்ல இருமல் காத்து வழியாத்தான் இந்தக் கிருமி பரவும். ராத்திரி பகலவன் கட்டில்லேர்ந்து எவ்வளவு தள்ளிப் படுப்பீங்க?"

"இத்தினியூண்டு ரூம்ல இன்னா தள்ளி, இன்னா கிட்ட..." என்று பட்டம்மாள் அவசரமாகக் குறுக்கிட்டாள்.

"அவங்க சொல்லட்டும்மா. தப்பா எழுதினா ஆராய்ச்சியே வீணாயிடும்."

எழில்மொழி அத்தையைப் பார்த்தாள். கட்டிலில் இருமிக்கொண்டிருந்தவனைப் பார்த்தாள். பொய் சொன்னால் மாமாவுக்கு வரவேண்டிய மருந்து வராமல் போய்விடுமோ என்று பயமாக இருந்தது.

"நான் உள்ள படுத்ததே இல்ல மேடம். எங்கம்மா டிபிலதான் செத்துச்சு. அந்தச் சீக்கு என் ரத்தத்துலயும் கீது, பசங்களுக்கு ஒட்டிக்கும்னு, வந்த நாள்லேர்ந்து அத்தை என்னை வெளி வராண்டாவுலதான் படுக்க வெச்சாங்க."

கௌசர் ரப்பர் பட்டையை அவிழ்த்துவிட்டு எழுந்துபோய், சாத்தியிருந்த ஜன்னலைத் திறந்தாள்.