சிவப்புப் பட்டன்

மதியச் சங்கு ஊதி ஓய்கிறது. கல் உடைக்கும் இயந்திரத்தின் கரண்டை அணைத்துவிட்டு, எலக்ட்ரீஷியன் அதை அவசரத்தில் நிறுத்துவதற்கான சிவப்புப் பட்டனை அழுத்திப் பிடிக்கிறார். பட்டன் வேலை செய்தால், வயர் இணைப்பைச் சோதிக்கும் மல்டிமீட்டரின் கீச்சொலி நிற்க வேண்டும்; நிற்கவில்லை. பட்டன் பெட்டியைத் திறக்கிறார். செத்த பல்லியின் நாற்றம். பட்டனின் இரண்டு வயர்களையும் யாரோ ஒன்றாக முறுக்கி, சீழ் காய்ந்த பழைய பிளாஸ்திரியால் சுற்றியிருக்கிறார்கள். அவர் அதைப் பிரித்தெடுக்கிறார். ஆபரேட்டர் அவருடைய அக்கா மகன். பின்னால் நின்று பல் குத்துகிறான். "மெஷின் சும்மா சும்மா நின்னு உயிரை வாங்குச்சு மாமா. நான்தான் முறுக்கிவிட்டேன். அப்புறம் பிச்சுக்கிட்டு ஓடுச்சு." விரலில் ஒட்டிய பிசினை அவர் கல்லில் தேய்க்கிறார், போகவில்லை.

"நேத்து பெல்ட்ல கை மாட்டினப்போ இந்தப் பட்டனைத்தானேடா உன் தம்பி குத்து குத்துன்னு குத்தினான்? ஆஸ்பத்திரியில அவன் மூஞ்சியில எப்படிடா முழிப்ப?"