வராத வலி

"சொல்லுங்க அங்கிள், இப்ப வலி எங்க இருக்கு?" என்று கேட்டார் டாக்டர் நஸ்ரின்.

சுகுமாறன் இடது காலை அமுக்கினார். முறுக்கினார். கிள்ளியும் பார்த்தார். லோரி ஓட்டிய காலத்திலிருந்து எரிந்துகொண்டிருந்த அந்தக் கால், பூனைக்குட்டிபோல் சாதுவாகக் கிடந்தது.

"இல்லையே டாக்டர்" என்றார், திருடி மாட்டிக்கொண்டவர்போல.

அவர் முனகினால் துறைமுகத்துக் கப்பல்கள் பதிலுக்குச் சங்கு ஊதும் என்று கிள்ளானில் பேச்சு. இன்று விடியற்காலை காப்பி குடிக்கும்வரை அப்படித்தான் முனகிக்கொண்டிருந்தார்.

வலிக்கும்போது நரம்பருகே மரத்துப்போகச் செய்யும் ஊசி போட்டுப் பார்க்க வேண்டும். வலி அடங்கினால் அந்த நரம்புதான் குற்றவாளி. பிறகு கத்தியே படாமல் ஊசிமுனைச் சூட்டில் அதை அடக்கிவிடலாம். வலியே இல்லாதவரிடம் எதைச் சோதிப்பது?

"வலி மாத்திரை எடுத்தீங்களா?"

"நீங்க வேணாம்னு சொன்னதும் நிறுத்திட்டேன் லா. வீட்டுக்காரிகிட்டகூட சொல்லலை, சொன்னா விடமாட்டா. ராத்திரி பூரா தலையணையைக் கடிச்சிக்கிட்டுக் கிடந்தேன்."

மாடிப்படி ஏறி இறங்கச் சொன்னார் டாக்டர். சுகுமாறன் தாமாகவே தோப்புக்கரணமும் போட்டார். வலி வரவில்லை. அடுத்த தேதி தீபாவளிக்குப் பிறகுதான் என்றார்கள்.

பிரிக்ஃபீல்ட்ஸ் மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பும் ரயிலில், "ஊசி போடலை தனம்" என்று மட்டும், வெளியே காத்திருந்து கூட வந்த மனைவியிடம் சொன்னார். இதுவும் கைவிட்டால் காலையே வெட்டிவிடச் சொல்லப்போவதாக அவளிடம் ஏற்கெனவே சொல்லியிருந்தார். ஊரே நனையும்படி அழுதார்.

சுபாங் ஜெயா தாண்டியதும் தொடையில் தீ பற்றியது.

"வந்துடுச்சு தனம், வந்துடுச்சு" என்று எழுந்தார். தொலைந்த பிள்ளை கிடைத்தாற்போல் அவர் சிரித்ததைப் பெட்டியே பார்த்தது. டாக்டர் கிளம்பியிருப்பார் என்பது உறைத்ததும் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

வலி பொறுக்காமல்தான் ஊசி போட முடியவில்லை என்று நினைத்த தனலெட்சுமி, அவர் காலை மடியில் வைத்து நீவினாள்.

"மாத்திரையைத் திங்காம ஒளிச்சு வச்சா எனக்குத் தெரியாதா? அதான் காலையில காப்பியில ரெண்டு பொடிச்சுப் போட்டேன். கவலைப்படாதீங்க, அடுத்த தடவை மூணாப் போட்டுடறேன்."