அரை மணி நேரச் சலுகை

ஆர்லாண்டோ கேளிக்கைப் பூங்காவின் விடுதி வரவேற்பில் டோரின் தனியாக நின்றாள்.

"விடுதியில தங்குறவங்களை அரை மணி நேரம் முன்னாடியே பூங்காவுக்குள்ள விடுவீங்களே?"

"அந்தச் சலுகையை இந்த வருஷம் எடுத்துட்டாங்க மேடம். உங்களோட குழந்தைங்களும் இல்ல, என்ன அவசரம்?"

"கரடியைப் பார்க்கணும். கூட்டம் வந்துட்டா அது நிதானமா கட்டிப்பிடிக்காதும்மா."

"அறுபது வயசுல கரடியா!" என்று வரவேற்புப் பெண் சிரித்தாள். டோரினும் சிரித்துவைத்தாள்.

வெயிலில் இரண்டு மணி நேரம் வரிசையில் நின்ற பிறகு அவள் முறை வந்தது. குழந்தைகளைக் கட்டிப்பிடித்துப் படம் எடுத்துக்கொள்ளும் கரடி வேஷம் கைகளை விரித்தது.

"ஒரே படம்தான், சீக்கிரம்!" என்றான் ஊழியன்.

டோரின் கரடியின் காதருகே அவசரமாகச் சொன்னாள்: "ஷெல்பி, மார்ச்ல அப்பா போயிட்டாரும்மா. எத்தனை தடவை கூப்பிட்டேன், நீ போனையே எடுக்கல."

வேஷம் போட்டவர்கள் பேசக் கூடாது என்பது பூங்காவின் விதி. வீட்டோடு சண்டை போட்டுப் போய் இங்கே வேஷம் கட்டும் மகள் அவளோடு பேசி நாலு வருஷம் ஆகிறது.

கரடியின் கைகள் அவள் முதுகில் இறுகின. ஊழியன் வந்து பிரித்துவிட்டான்.

அடுத்த குழந்தை ஓடிவந்து கையசைத்தது. கரடி பதிலுக்குக் கையசைக்காமல், டோரின் போன திசையையே பார்த்து நின்றது.