பதினாலாம் நம்பர் வேலை

“பிரிண்டர்ல மை தீந்து போச்சும்மா, இன்னைக்கு ஓடாது” என்று அலுவலக கிளார்க் காசிலிங்கம் சொல்லி வாய் மூடவில்லை. சித்ரலேகா கைப்பையிலிருந்து புது மைக்குப்பியை எடுத்து அவர் மேஜையில் ‘டக்’கென்று வைத்தாள்.

“நேத்தே இதைத்தான சொன்னீங்க? வர்ற வழியில வண்ணார்பேட்டையில வாங்கிட்டு வந்துட்டேன் அண்ணாச்சி. இப்ப சொல்லுங்க, வேற என்ன இல்ல?”

காசிலிங்கம் அந்தக் குப்பியை வேண்டாத விருந்தாளியைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

வாழைக்காய்க்குக் குளிர்கிடங்கு கட்டிக்கொடுக்கும் அந்த நிறுவனத்தில் சித்ரலேகாதான் ப்ராஜெக்ட் மேனேஜர். சுவர் கட்டுகிறவர் ஒருவர், மெஷின் மாட்டுகிறவர் ஒருவர். எல்லாரையும் துரத்தித் துரத்தி ‘முடிஞ்சுதா, எப்ப முடியும்’ என்று கேட்பது இவள் வேலை. ஸ்ரீவைகுண்டத்தில் மட்டும் ஒரே நேரத்தில் மூன்று கிடங்கு. ஒற்றை ஆளாய் அலைந்து செருப்பும் தேய்ந்தது, தொண்டையும் வற்றிப்போனது.

டிசம்பரிலேயே முதலாளி காந்திமதிநாதனிடம் கேட்டுவிட்டாள். “எனக்குத் துணைக்கு ஒரு ஆளு போட்டுத் தாங்க சார். இல்லேன்னா நான் படுத்துருவேன்.”

அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, “ஒங்க பிரிவு விஷயமா யோசிச்சிக்கிட்டுதாம்மா இருக்கேன்” என்றார்.

புது வருஷம் பிறந்த கையோடு அலுவலகத்துக்கு ஒரு ஆப் வந்தது. யார் வேலை எங்கே நிற்கிறது என்று அதுவே காட்டும், நாள் தவறினால் அதுவே மணியடிக்கும். ஆளாளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அதைச் சொல்லிக்கொடுத்தவளும் சித்ரலேகாதான். அதில் பதினான்காவதாக, ‘ப்ராஜெக்ட் பிரிவு – பணியாளர் ஆணை’ என்று ஒரு வரி இருந்தது. அதைப் பார்த்ததும் அவளுக்கு வயிற்றில் பால் வார்த்ததுபோல இருந்தது.

அத்தோடு சரி. மற்ற பதின்மூன்று வேலையும் நாள் தவறாமல் முடிந்து பச்சையாகிவிட்டன. அதே ஆட்கள், அதே அலுவலகம், இது மட்டும் மூன்று மாதமாகச் சிவப்பிலேயே கிடந்தது.

இன்று மார்ச் முப்பத்தொன்று. சாயங்காலம் ஐந்து மணிக்குள் கையெழுத்தாகாத ஆணை எதுவும் செல்லாது, அப்புறம் அடுத்த மார்ச்சில்தான் என்று நேற்றுக் கூட்டத்தில் முதலாளி சொல்லிவிட்டார். இன்னொரு வருஷம் தனியாக ஓட அவள் உடம்பில் தெம்பில்லை.

“கெடந்துட்டுப் போகுதும்மா. இதுக்குப் போயி இந்தப் பற பறக்குதீங்களே” என்றார் காசிலிங்கம்.

“ஒங்களுக்கென்ன அண்ணாச்சி, கெடந்து அலையுதது நான்லா? அடிங்க. நான் எட்டிப் பாக்க மாட்டேன்.”

பணியாளர் ஆணை எதுவானாலும் உரியவர் கைக்குப் போகும்வரை ரகசியம். அதனால் அவள் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டாள். காசிலிங்கம் ஒற்றை விரலால் அடித்தார். ஒரே ஒரு பக்கம் அடித்து முடிக்க மத்தியானம் ஆகிவிட்டது. சித்ரலேகாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அடுத்து பதிவு நம்பர் போட வேண்டும். பதிவேடு, அதைக் கவனிக்கும் சொர்ணாம்பாளின் பீரோவில் இருந்தது. “பீரோ சாவிய வீட்டுல வச்சிட்டு வந்துட்டேனே” என்றாள் அவள்.

“எந்திரிங்கக்கா, வண்டி எடுக்கேன்.”

பாளையங்கோட்டை வெயிலில் அவளைப் பின்னால் ஏற்றிக்கொண்டு போய், வீடு முழுக்கத் தேடி, கடைசியில் பார்த்தால் சாவி சொர்ணாம்பாள் கைப்பைக்குள்ளேயே இருந்தது.

“இப்படி ஒரு கூட்டத்தக் கட்டி மேய்க்கணும்னு என் தலையில எழுதிருக்கு!” என்று சித்ரலேகா வாய்விட்டே கத்தினாள். அலுவலகம் திரும்பியதும் சொர்ணாம்பாள் பீரோவைத் திறந்தாள். குனிந்தபடி நம்பரைப் போட்டு, கையெழுத்துப் போடும் இடம் மட்டும் தெரியும்படி தாளை மடித்துப் பின் குத்தினாள்.

மணி நாலே முக்கால் தாண்டிவிட்டது. முதலாளி திருச்செந்தூர் போகக் காரில் ஏறிவிட்டார். சித்ரலேகா படியில் இறங்கி ஓடி, காருக்கு முன்னால் போய் மறித்து நின்றாள்.

ஜன்னல் வழியே நீட்டிய தாளை அவர் திகைத்துப் போய்ப் பார்த்தார். “இதை நீங்களா கொண்டு வாறீங்க?”

“நான் பின்னாலயே நிக்கலேன்னா இங்க எந்த வேல சார் நடக்கும்?”

அவர் நிமிராமலே கையெழுத்துப் போட்டார். “காசிலிங்கம்கிட்ட குடுத்து வாங்கிக்கோங்கம்மா” என்றார். கார் கிளம்பிவிட்டது.

மணி நாலு ஐம்பதுக்கு அவள் தாளைக் காசிலிங்கத்தின் முன்னால் வைத்தாள். “பாத்தீங்களா அண்ணாச்சி? மூணு மாசமா ஒங்களால ஆகாதத ஒரே நாள்ல முடிச்சிட்டேன்!”

ஆப்பில் பதினான்காவது வரி பச்சையானது. இந்த மூன்று மாதத்தில் முதல்முறையாக அவளுக்கு மனசு லேசாயிற்று.

காசிலிங்கம் தாளை உறைக்குள் போட்டார். மேலே பெயர் எழுதினார். எழுதியதை அவளிடமே நீட்டினார். உறையில் சித்ரலேகாவின் பெயர்தான் இருந்தது.

பிரித்துப் பார்த்தாள். ‘வேலைகளை இனி ஆப் மூலமே கண்காணிக்க முடியும் என்பதால், ப்ராஜெக்ட் மேனேஜர் பதவி நீக்கப்படுகிறது. இன்று மாலையுடன் தாங்கள் பணியிலிருந்து விடுவிக்கப்படுகிறீர்கள்.’

இரண்டாம் முறை படித்தபோது எழுத்து கலங்கியது. சொர்ணாம்பாள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டிருந்தாள். காசிலிங்கம் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார், பிறகு அவளைப் பார்த்தார்.

“மூணு மாசமா இழுத்துப் பிடிச்சு வச்சிருந்தோமேம்மா... இன்னும் ஒரு பத்து நிமிஷம் பொறுத்திருக்கப்படாதா?”