சுகம் விசாரிக்க வந்தவர்

தெரேசாவுக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. ஆனாலும் அன்று காலை பத்து மணிக்கு, அடுப்பில் சோறு கொதித்துக்கொண்டிருக்க, அவள் போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டு கட்டிலில் கிடந்தாள்.

எல்லாம் மகன் கிறிஷாந்துக்காகத்தான்.

அவன் ஒரு சின்ன விமானக் கம்பெனியில் துணை பைலட். எல்கடுவத் தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்திலிருந்து விமானம் ஓட்டப் போன முதல் பிள்ளை. கம்பெனியில் இருந்த நாலு விமானத்தில் இரண்டு ஓடாமல் நின்றுவிட்டன. மிச்சம் எத்தனை நாளைக்கோ. வெளிநாட்டுக் கம்பெனி ஒன்று கொழும்பில் இன்டர்வியூ வைக்கிறது என்றதும் விண்ணப்பம் போட்டிருந்தான்.

வேறு கம்பெனி இன்டர்வியூவுக்குப் போவதென்றால் முன்கூட்டியே எழுதிக் கொடுக்க வேண்டும் என்பது விதி. போன வருடம் ஒருவர் அப்படித்தான் ஒழுங்காக எழுதிக் கொடுத்தார். கம்பெனி இரண்டு மாதம் அவரை விமானத்தில் ஏற்றவே இல்லை.

அதனால் கிறிஷாந்த் எழுதவில்லை. அம்மாவுக்கு நெஞ்சு வலி என்று சொல்லி லீவு எடுத்துக்கொண்டு போய்விட்டான். கம்பெனியிலிருந்து யாராவது போன் எடுத்துக் கேட்டால் நீங்களும் அப்படியே சொல்லுங்கள் என்று தாயிடம் சொல்லி வைத்திருந்தான்.

போன் வரவில்லை. ஆளே வந்துவிட்டார்.

பக்கத்து வீட்டு ராசம்மாதான் ஓடி வந்து சொன்னாள். கீழ் ரோட்டில் கார் நிற்கிறதாம். பைலட் தம்பியின் பெரிய சார், சுகமில்லாத அம்மாவைப் பார்க்க வருகிறாராம். தேங்காய் துருவிக்கொண்டிருந்த தெரேசா, துருவலை அப்படியே போட்டுவிட்டுக் கட்டிலில் போய் விழுந்தாள்.

வந்தவர் கேப்டன் மஹ்ரூப். கம்பெனியின் தலைமை பைலட். யார் பறப்பது, யார் வீட்டில் இருப்பது என்று முடிவு செய்கிறவர் அவர்தான். சொந்த ஊர் மாத்தளை டவுன். லீவில் வந்திருந்ததாகவும், இவ்வளவு பக்கத்தில் இருந்துகொண்டு பார்க்காமல் போக மனம் வரவில்லை என்றும் சொன்னார். தெரேசா நம்பவில்லை. வேவு பார்க்கத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தாள்.

அவர் அப்பிள் பையை மேசையில் வைத்துவிட்டுக் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். வலி எப்போது வந்தது, டொக்டர் என்ன சொன்னார் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். தெரேசா வாய்க்கு வந்ததைச் சொன்னாள். ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகிறவள். ஒவ்வொரு பொய்யும் அவளை உறுத்தியது. வீடு தேடி வந்த மனிதருக்கு ஒரு பிளேன்டீ ஊற்றிக் கொடுக்க எழும்ப முடியாமல் கிடப்பது அதைவிட வதைத்தது.

"கிறிஷாந்த் எங்க?"

"மருந்து வாங்கப் போயிருக்கான் சார். மாத்தளைக்கு."

அவர் தலையசைத்தார். அந்த நேரம் பார்த்து அவருடைய போன் அடித்தது.

எழுந்து வாசலுக்குப் போய் இங்கிலீசில் பேசினார். அதில் கிறிஷாந்த் என்ற பெயர் அவள் காதில் விழுந்தது. உடனே கேப்டன் பேச்சை நிறுத்திவிட்டார். திரும்பி அவளைப் பார்த்தார். போனைக் காதில் வைத்தபடியே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு மறுபடி பேசத் தொடங்கினார். இடையில் மதர் என்று ஒரு சொல் வந்தது. அது மட்டும் அவளுக்கு விளங்கியது.

உள்ளே வந்தவர் முகத்தில் முன்பிருந்த சிரிப்பு இல்லை.

"நான் வாறன் அம்மா. உடம்பப் பார்த்துக்கொள்ளுங்க."

கார் கிளம்பும் சத்தம் கேட்ட பிறகுதான் தெரேசா தன் கைகளைப் பார்த்தாள். மணிக்கட்டு வரை தேங்காய்ப் பூ ஒட்டியிருந்தது.

மகனுக்குப் போன் எடுத்தாள். அணைத்து வைத்திருந்தான். அடுப்பில் சோறு குழைந்து அடிபிடித்தது. அன்றைக்கு அவள் சாப்பிடவில்லை. இருபது வருடம் கூடை சுமந்து படிக்க வைத்த பிள்ளையின் வேலையைத் தன் கையாலேயே தொலைத்துவிட்டதாக நினைத்து அழுதாள்.

சாயங்கால பஸ்ஸில் கிறிஷாந்த் வந்து சேர்ந்தான். அவன் சப்பாத்தைக் கழற்றுவதற்குள் தெரேசா எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள்.

"என்னாலதான் ஒன் வேல போச்சு மகன். அவரு கண்டுபிடிச்சு யாருக்கோ சொல்லிட்டாரு."

கிறிஷாந்த் கட்டிலில் உட்கார்ந்தான். வெளிநாட்டு வேலை கிடைத்துவிட்டதாக மெதுவாகச் சொன்னான். அதைச் சொன்ன முகத்தில் ஒரு சந்தோசமும் இல்லை.

கேள்விகளெல்லாம் நன்றாகத்தான் போயிருக்கின்றன. கடைசியில் அங்கிருந்த அம்மையார், நீங்கள் இங்கே வந்திருப்பது உங்கள் கம்பெனிக்குத் தெரியுமா என்று கேட்டிருக்கிறார். தலைமை பைலட்டுக்குத் தெரியும் என்று இவன் சொல்லியிருக்கிறான். அப்படியென்றால் அவரிடம் ஒரு வார்த்தை கேட்கலாமா என்றிருக்கிறார்கள். வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? இவன் முன்னாலேயே போனைப் போட்டு, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி மேசையில் வைத்துவிட்டார்கள்.

"இங்க வாசல்ல நின்னு அவரு பேசினது அந்த போன்தாம்மா."

தெரேசா அவன் பக்கத்தில் வந்து நின்றாள். "அவரு என்ன சொன்னாரு?"

"ஆமா தெரியும், நான்தான் அனுப்பி வச்சேன்னாரு."

தெரேசா சிலுவை போட்டுக்கொண்டாள்.

"அதோட விட்டிருந்தாக்கூடப் பரவால்லம்மா." கிறிஷாந்த் தலையை நிமிர்த்தவில்லை. "நான் இப்ப கிறிஷாந்த் வீட்டு வாசல்லதான் நிக்கிறேன், அவரோட அம்மாவப் பார்த்துக்கிட்டுத்தான் சொல்றேன், இவங்க வளர்த்த புள்ள பொய் பேசமாட்டாருன்னு சொன்னாரு."