சளியோடு வந்தவள்

இதய வார்டின் வாசலில் அவள் மூக்கை உறிஞ்சினாள்.

காலையிலிருந்தே தொண்டை கரகரத்தது. உடம்பு கொதித்தது. வேறு நாளென்றால் போர்த்திக்கொண்டு படுத்திருப்பாள்.

இன்றைக்கு விடுவாளா?

கண்ணாடிக் கதவுக்குள் கொழுந்தன் சங்கரபாண்டி. நெஞ்சைத் திறந்து தைத்திருந்தார்கள். தலையணையில் சாய்ந்து இட்லியைப் பிட்டுக்கொண்டிருந்தான்.

அவள் புருஷனும் இப்படித்தான் தேறிவந்தார். போன ஆடியில், இதே மாதிரி ஒரு கட்டிலில் உட்கார்ந்து, வீட்டுக்குப் போனதும் அயிரைமீன் குழம்பு வேண்டும் என்று அடம்பிடித்தார்.

அப்போதுதான் தம்பிக்காரன், இதே சங்கரபாண்டி, தும்மிக்கொண்டே வந்தான். நர்ஸ் மறித்தாள்.

"கூடப்பிறந்தவன் பாக்காமப் போனா ஊரு நாக்குமேல பல்லப் போட்டுப் பேசாதா?"

சண்டை போட்டு உள்ளே நுழைந்தான். மாஸ்க்கை இறக்கிவிட்டு, அண்ணனைக் கட்டிக்கொண்டு அழுதான்.

பிறகு அவருக்குக் காய்ச்சல். மூச்சுத் திணறல். தொண்டையில் குழாய்.

வைரஸ் தொற்று என்றார் டாக்டர். சளியோடு யாராவது வந்தார்களா என்று அவளிடம்தான் கேட்டார்.

அவள் வெளியே மூச்சுவிடவில்லை. பாசத்தில் வந்தவனைப் பழிக்கிறாள் என்று ஊர் அவளைத்தான் ஏசும்.

காரியத்தன்று அவன் பந்தியில் உட்கார்ந்து, "அண்ணனுக்கு ஆயுசு அம்புட்டுத்தான்" என்றான். பாயசத்தை இன்னொரு கரண்டி கேட்டான்.

அன்றைக்கே அவன் குரல்வளையைக் கடித்திருப்பாள்.

ஓரகத்தி கோமு கதவைத் திறந்தாள்.

"வாங்கக்கா. உங்களத்தான் கேட்டுக்கிட்டே இருந்தாக."

மறிக்க நர்ஸ் இல்லை. உள்ளே ஓரடி வைத்தாள்.

அவன் கையை நீட்டினான். "மாஸ்க்க எடுங்க மதினி. மொகத்தப் பாக்கணும்."

அவள் விரல் மாஸ்க்கின் நாடாவுக்குப் போனது.

ஒரே ஒரு தும்மல். யார் கேட்கப்போகிறார்கள்? அவளும் பாசத்தில் வந்தவள்தானே.

தும்மல் வந்தது.

முந்தானையை மாஸ்க்கோடு சேர்த்து அழுத்திக்கொண்டு வெளியே பின்வாங்கினாள். கோமுவின் கையிலிருந்து கதவை வாங்கினாள். ஒரு சாண் இடுக்கு மட்டும் விட்டாள்.

"எனக்குச் சளி தம்பி. உள்ள வரமாட்டேன்."

அவன் சிரித்தான். "சளிதான மதினி? அதுக்குப் போய்..."

"அன்னைக்கு நீங்க சளியோடதான் வந்தீக. அண்ணனக் கட்டிப்பிடிச்சீக. அந்தக் கிருமிதான் அவுகளக் கொண்டுபோச்சு. டாக்டரு எங்கிட்டச் சொன்னாரு."

நீட்டிய கை நீட்டியபடியே நின்றது. கோமு இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"நீங்க நூறு வருசம் இருக்கணும் தம்பி."

மனசாரத்தான் சொன்னாள்.